ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடித்தால்: முதலில் சிலிண்டரைப் பிடியுங்கள்

சேலம் அஸ்தம்பட்டி நெரிசலில் அலுங்காமல் வரும் பெட்ரோல் கார், அடிவாரம் தாண்டி ஏறத் தொடங்கியதும் குலுங்குகிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் 'மிஸ்ஸிங்' அடிக்கிறது என்று யாராவது சொன்னால், ஸ்பார்க் பிளக் மாற்றி எவ்வளவு நாளாச்சு என்றுதான் முதலில் கேட்பேன். ஏற்காடு போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் காற்று நிறையப் போய் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பொறி பறக்க அதிக வோல்ட் வேண்டும். முனை தேய்ந்த பிளக்கும், அதற்கு மின்சாரம் தரும் பலமிழந்த காயிலும் சமதரையில் சமாளித்துவிடும், மலையில் மாட்டிக்கொள்ளும்.

நிற்கும்போது துடித்து, ரேஸ் கொடுத்தால் சரியாகிறதா? அப்போது இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் பக்கம் காற்றுக் கசிவைத் தேடுங்கள். பானட்டைத் திறந்து கேட்டால் ரப்பர் குழாய் ஏதாவது ஒன்றிலிருந்து 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும். காலையில் மட்டும் அடித்து, இன்ஜின் சூடானதும் போய்விடுகிறது என்றால் பெரும்பாலும் ஈரம்தான்.

என் வீடு கோரிமேட்டில். தங்கை குடும்பத்துக்கு நாகலூர்ப் பக்கம் மிளகும் காப்பியும் இருப்பதால் அடிக்கடி மேலே போய் வருகிறேன். மிஸ்ஸிங் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்: எந்த சிலிண்டர் என்று தெரியும்வரை ஒரு சாமானும் வாங்கக் கூடாது. ஒரு காயில் பழுதுக்கு நாலு காயிலையும் மாற்றிவிட்டு வந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அது உழைத்துச் சேர்த்த பணம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இப்போதைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் சின்ன ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, போன் ஆப்பில் கோடு, அதாவது பழுதுக் குறியீடு, என்ன என்று பாருங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் ஒரு சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி அடிக்கிறது. அப்போது ஒரு பிளக்கை மட்டும் பார்க்காமல் பெட்ரோல் பிரஷர், காற்றுக் கசிவு போன்ற பொதுவான காரணங்களைப் பார்க்க வேண்டும். சில பழைய மாடல்களில் ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும். அங்கே 1, 4 அல்லது 2, 3 என்று ஜோடியாகக் கோடு வந்தால் காயில் மேல்தான் சந்தேகம்.

ஒன்றை மறக்காதீர்கள். செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிந்தால் மேற்கொண்டு ஏறாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதையே உருக்கிவிடும். வளைவில் நிறுத்தாமல், அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்குங்கள். கோடைக்காலத்தில் காய்ந்த புல், சருகு மேல் மட்டும் நிறுத்தவே கூடாது. அந்தச் சூட்டுக்கு அடியில் தீ பிடித்துக்கொள்ளும்.

பி0302 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் நன்றாக ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இங்கே மாட்டுங்கள். ஆப்பில் பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஏற்றத்தில் ஒரு முறை ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் குற்றவாளி காயில். பி0302வே வந்தால் அடுத்து பிளக்கை அதேபோல இடம் மாற்றுங்கள். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. இன்ஜின் ஓடும்போது காயிலையோ பிளக் ஒயரையோ பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். ஷாக் அடிக்கும், காயிலும் கெடும்.

பிளக்கைக் கழற்றும் முன் குழிக்குள் இருக்கும் மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பாருங்கள். வெளிர் பழுப்பு, சாம்பல் நிறம் என்றால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது பொறி சரியாக வரவில்லை. வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது சூடு மிஞ்சுகிறது. முனையில் ஆயில் ஈரம் என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு கியரிலேயே இறங்கிவந்து, கீழே மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் வால்வு சீல் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆயில் குழிக்குள் மட்டும் தேங்கியிருந்தால் இன்ஜின் மேல்மூடியான டேப்பெட் கவரின் சீல்தான் போயிருக்கும், அது சின்ன வேலை.

பிளக் இடைவெளி பல கார்களில் 0.8 முதல் 1.1 மி.மீ. உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவே சரி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு வைத்துப் பாருங்கள். இரிடியம் பிளக் முனையைச் சுரண்டாதீர்கள். மாட்டும்போது கையாலேயே மரை ஏற்றுங்கள். பிளக் மாட்டும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் பெரிய செலவு. வாஷர் உள்ள புது பிளக் என்றால் கை இறுக்கத்துக்கு மேல் சுமார் அரைச் சுற்று போதும்.

ஈரத்தால் வரும் மிஸ்ஸிங் மலையில் இரவு தங்கும் வண்டிகளுக்கு அடிக்கடி வரும். காயிலுக்குக் கீழுள்ள ரப்பர் பூட்டிலோ பிளக் ஒயரிலோ மயிரிழை விரிசல் இருந்தால் போதும், பனி ஈரத்தின் வழியாக மின்சாரம் வெளியே ஓடிவிடும். இருட்டியதும் இன்ஜினை ஓடவிட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியில் தண்ணீரை லேசாக ஸ்பிரே செய்யுங்கள். நீலப் பொறி தாவினால் இடம் தெரிந்துவிடும். அப்படியே ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டத்து ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இது முக்கியம்.

பிளக்கும் காயிலும் நன்றாக இருந்தால் அடுத்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பாருங்கள். நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டுங்கள். ஃபேன் பெல்ட் பக்கம் போக வேண்டாம். நாலிலும் ஒரே மாதிரி 'டிக் டிக்' கேட்க வேண்டும். ஒன்று மட்டும் பேசவில்லை என்றால் முதலில் அதன் கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

கடைசியாக கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம். ஃப்யூல் பம்ப் ஃப்யூஸை எடுத்து, காயில் கனெக்டர்களையும் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அதற்குமேல் வாசலில் வைத்துச் செய்யும் வேலை இல்லை. இந்த நாலு அளவையும் எழுதிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.