எண் எங்கும் தாவுவதில்லை: கூட்டல், கழித்தல் சமன்பாடுகளைத் தீர்ப்பது எப்படி?

ம + 7 = 15

ம எவ்வளவு? பார்த்ததுமே 8 என்று சொல்லியிருப்பீர்கள். சரிதான். ஆனால் இப்படிப் பார்த்ததும் சொல்லிவிட்டு நகர்ந்தால், நாளைக்கு ம − 38.6 = −12.9 என்று ஒன்று வந்து நிற்கும்போது எங்கே தொடங்குவதென்றே தெரியாது. அதனால் விடை தெரிந்த சின்னக் கணக்கை வைத்தே வழியைப் பழகிக்கொள்வோம்.

முதலில் அந்த ம. பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் எக்ஸ் என்று இருக்கும். தெரியாத எண்ணுக்கு லத்தீன் எழுத்து வரிசையின் கடைசி எழுத்துகளை வைப்பது 1637இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ரெனே டேக்கார்ட் எழுதிய பிறகு பரவிய பழக்கம், அவ்வளவுதான். எந்த எழுத்தை வைத்தாலும் கணக்கு மாறாது. தெரியாத எண்ணுக்குப் பதில் நிற்கும் எழுத்துக்கு ‘மாறி’ என்று பெயர், நான் அதன் முதல் எழுத்தை எடுத்துக்கொண்டேன்.

அடுத்து = குறி. கால்குலேட்டரில் தட்டித் தட்டி, அதற்கு ‘விடையைக் காட்டு’ என்று பொருள் என்பதாகவே பலருக்கும் மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இடப்பக்கம் இருப்பதும் வலப்பக்கம் இருப்பதும் ஒரே மதிப்பு. 1557இல் ராபர்ட் ரெக்கார்டு என்பவர் ‘சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதச் சலித்துப்போய் ஒரே நீளத்தில் இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்றால், இரண்டிலும் ஒரே எண்ணைக் கூட்டினாலும் கழித்தாலும் அவை சமமாகவே இருக்கும். இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். ம தனியாக நிற்க வேண்டும், அதனுடன் +7 ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை விலக்க 7ஐக் கழிக்க வேண்டும், இரண்டு பக்கமும்.

ம + 7 = 15
ம + 7 − 7 = 15 − 7
ம = 8

நடுவில் உள்ள வரியைத் தயவுசெய்து விடாதீர்கள். ஒரு மாதம் கழித்து விட்டுவிடலாம், இப்போது வேண்டாம். அப்புறம் சரிபார்ப்பு: ம இருந்த இடத்தில் 8ஐப் போட்டால் 8 + 7 = 15. பொருந்துகிறது, முடிந்தது.

கழித்தல் இருந்தால் அதற்கு நேர் எதிர்.

ம − 9 = 4
ம − 9 + 9 = 4 + 9
ம = 13

பார்க்கப்போனால் ஆங்கிலத்தில் இந்தக் கணிதப் பிரிவுக்குள்ள பெயரே இந்தப் படியிலிருந்து வந்ததுதான். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி, கழிக்கப்பட்டிருப்பதைத் திரும்பச் சேர்த்து நிறைவாக்குவதை ‘அல்-ஜபர்’ என்றார். அல்ஜீப்ரா அதன் திரிபு.

இப்போது ஒரு தப்பைப் பார்ப்போம், நோட்டுகளில் நான் மிக அதிகமாகப் பார்த்தது இதைத்தான்:

ம + 7 = 15 − 7 = 8

விடை 8 சரி. ஆனால் இந்த வரியைப் படித்துப் பாருங்கள், ம + 7க்கும் 8க்கும் மதிப்பு ஒன்று என்கிறது, அப்படியானால் ம 1 ஆகிவிடும்! மனதில் ஓடியதை ஓடின வரிசையிலேயே எழுதியதால் வந்த வினை இது. ஒரு வரிக்கு ஒரே ஒரு = குறி, = குறிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, என்று பழகிவிட்டால் இந்தத் தப்பு வரவே வராது.

‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற விதியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒரு தேர்வில் 10 − ம = 3 என்ற கணக்குக்கு ம = 3 − 10 = −7 என்று எழுதிவிட்டு வந்தேன். 10 அந்தப் பக்கம் போனது, குறியும் மாறியது, எல்லாம் விதிப்படியே. ஆனால் இந்தப் பக்கம் மிச்சம் இருந்தது ம இல்லை, −ம! அதை நான் கவனிக்கவே இல்லை. எந்த எண்ணும் எங்கும் போவதில்லை, இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம் என்று பார்த்தால் இங்கே முதலில் செய்யவேண்டியது ம-வைக் கூட்டுவது:

10 − ம + ம = 3 + ம
10 = 3 + ம
10 − 3 = 3 + ம − 3
7 = ம

7 = ம என்று திருப்பி இருக்கிறதே என்று பதற வேண்டாம், ம = 7 என்பதும் அதுவும் ஒன்றுதான்.

மைனஸ் விடை வந்தாலும் பயப்பட வேண்டாம். ம + 12 = 5 என்றால் இரண்டு பக்கமும் 12ஐக் கழித்து ம = −7. சமன்பாட்டின் இரண்டு பக்கங்களையும் தராசின் இரண்டு தட்டுகளாகச் சொல்லும் உவமையை நான் தவிர்ப்பது இதனால்தான், −7ஐ எந்தத் தட்டில் எப்படி வைப்பது? இரண்டு மைனஸ் அடுத்தடுத்து வந்தால், உதாரணமாக ம − (−4) = 6 என்றிருந்தால், முதலில் அதை ம + 4 = 6 என்று எழுதிவிட்டு மேலே போங்கள், விடை 2.

முதலில் சொன்ன ம − 38.6 = −12.9க்கும் இதே வழிதான்: இரண்டு பக்கமும் 38.6ஐக் கூட்டினால் ம = 25.7.

வாக்கியமாகக் கொடுத்தால் ‘இலிருந்து’ எதனுடன் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள், அதுதான் முதலில் வரும். ‘ஒரு எண்ணிலிருந்து 8ஐக் கழித்தால் 17’ என்றால் ம − 8 = 17. ‘8இலிருந்து ஒரு எண்ணைக் கழித்தால் 17’ என்றால் 8 − ம = 17. முதலாவதில் ம 25, இரண்டாவதில் −9. ஒரு உருபு இடம் மாறியதற்கு இவ்வளவு வித்தியாசம்.

நீங்களே போட்டுப் பார்க்க நான்கு:

ம + 19 = 42
ம − 6.5 = 3
11 = ம − 11
4 − ம = 9

விடைகள் வரிசையாக 23, 9.5, 22, −5. மூன்றாவதற்கு 0 வந்திருந்தால், 11ஐக் கூட்டுவதற்குப் பதில் கழித்திருக்கிறீர்கள். நான்காவதற்கு 5 வந்திருந்தால் அந்த 5ஐ ம இருந்த இடத்தில் போட்டுப் பாருங்கள், 4 − 5 என்பது 9 ஆகாது.