சினிமா புரொஜெக்டரில் கம்ப்யூட்டர் வேலை: எழுத்து எங்கே கெடுகிறது?

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் மச்சான் பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். படம் பார்க்க வாங்கிய புரொஜெக்டர் சும்மாதானே இருக்கிறது, லேப்டாப்பை அதில் மாட்டினால் தனியாக மானிட்டர் வேண்டாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிட்டான். சாயங்காலம் போன் வந்தது.

"மாமா, நேத்து படம் போட்டப்ப கண்ணாடியாட்டம் இருந்துச்சு. இன்னிக்கு எக்செல் தொறந்தா எழுத்தெல்லாம் கூழாட்டம் தெரியுது. பொட்டி போயிருச்சுங்களா?"

"பொட்டிக்கு ஒண்ணுமில்ல மாப்ள. நாளைக்கு வர்றேன், ஒண்ணையும் கழட்டாத."

ஓடும் படத்தில் சின்ன மங்கல் இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். எழுத்து அப்படி இல்லை. ஒரு எழுத்தின் கோடு ஒன்றிரண்டு புள்ளி (பிக்சல்) அகலம்தான். கம்ப்யூட்டர் அனுப்பும் ஒவ்வொரு புள்ளியும் புரொஜெக்டரின் ஒரே ஒரு புள்ளியில் போய் உட்கார வேண்டும். புள்ளிக்குப் புள்ளி. அது பிசகினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் எழுத்து குழையும்.

பிசகு பெரும்பாலும் வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது. அட்டைப்பெட்டியில் '1080பி சப்போர்ட்', '4கே சப்போர்ட்' என்று போட்டிருந்தால், அந்த சிக்னலை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். சுவரில் விழும் புள்ளிகள் எத்தனை என்பதை 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ற வரிதான் சொல்லும். விலை குறைந்தவற்றில் அது 1280×720 ஆகவும், சிலவற்றில் வெறும் 800×480 ஆகவும் இருக்கும். படத்துக்கு எப்படியோ, படித்து எழுதும் வேலைக்கு நேட்டிவ் 1920×1080-க்குக் கீழே வாங்காதீர்கள் என்பேன்.

மச்சானுடைய பெட்டி நேட்டிவ் 1920×1080 தான். தவறு லேப்டாப் பக்கம் இருந்தது. அவனுடைய பழைய லேப்டாப்பின் திரை 1366×768. இரண்டு திரையிலும் ஒரே படத்தைக் காட்டும் 'டூப்ளிகேட்' முறையில் மாட்டியிருந்தான். அப்போது இரண்டு திரைக்கும் ஒரே ரெசல்யூஷன்தான், அதுவும் பெரும்பாலும் சின்னத் திரைக்கு ஏற்றதாகப் போய்விடும். புரொஜெக்டர் அதை ஏறக்குறைய 1.4 மடங்கு இழுத்து நிரப்புகிறது. ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளிக்குப் பக்கமாக எப்படிப் பரப்புவது? பக்கத்துப் புள்ளியோடு கலந்துதான் பரப்ப முடியும். சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிந்தன. கீபோர்டில் விண்டோஸ் பட்டனோடு 'பி' அழுத்தி, புரொஜெக்டரைத் தனித் திரையாக்கும் 'எக்ஸ்டெண்ட்' கொடுத்து, டிஸ்பிளே செட்டிங்ஸில் புரொஜெக்டருக்கு மட்டும் 1920×1080 வைத்தோம். சுழிகள் பிரிந்து நின்றன. எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று அவன் மறுபடி ரெசல்யூஷனைக் குறைக்கப் போனான், தடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்க அங்கேயே 'ஸ்கேல்' இருக்கிறது. அதை 150 சதவீதம் வைத்தால் எழுத்து பெரிதாகும், கூர்மையும் போகாது.

அடுத்தது கீஸ்டோன். அறையில் இடமில்லை என்று புரொஜெக்டரை மூலை அலமாரியில் வைத்து, கோணலாக விழுந்த படத்தை கீஸ்டோன் போட்டு நிமிர்த்தியிருந்தான். வெளியே பார்க்கச் சதுரமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே எல்லாப் புள்ளிகளையும் கலைத்துப் போட்டுத்தான் அந்த நிமிர்வு வருகிறது. இது பலருக்குத் தெரிவதே இல்லை, எனக்கு இதில் வருத்தம் அதிகம். பெட்டியைச் சுவருக்கு நேராக, சரியான உயரத்தில் வைத்து, கீஸ்டோனைப் பூஜ்யமாக்குங்கள். லென்ஸ் ஷிப்ட் (லென்ஸை நகர்த்திப் படத்தை இடம் மாற்றும் வசதி) உள்ள மாடல் என்றால் அதில் நகர்த்தலாம், எழுத்து கெடாது. டிஜிட்டல் ஜூமும் கீஸ்டோன் மாதிரிதான், தொடாதீர்கள்.

திரையின் கீழே டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டால் அது ஓவர்ஸ்கேன், அதாவது படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுவது. பழைய டிவி காலத்துப் பழக்கம். புரொஜெக்டர் மெனுவில் அணைத்துவிடலாம். மவுஸ் அம்பு கைக்குப் பின்னாடியே இழுபட்டு வந்தால் 'கேம் மோட்' போட்டுப் பாருங்கள்.

எல்லாம் சரியாக வைத்தும் நிற எழுத்து மட்டும் கசிந்தால், காரணம் பெரும்பாலும் 4:2:0 என்ற நிறச் சுருக்கம். வீடியோவில் வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி போகும், நிறம் நாலு புள்ளிக்கு ஒன்றுதான் போகும். சினிமாவுக்கு அது போதும், எழுத்துக்குப் போதாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து அடித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கிராபிக்ஸ் செட்டிங்ஸில், நிறமும் புள்ளிக்குப் புள்ளி போகும் ஆர்ஜிபி அல்லது 4:4:4 வையுங்கள். 4கே-யில் நொடிக்கு 60 பிரேம் இப்படி அனுப்ப எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், 1.4 தாங்காது.

இருட்டு நிறத்தில் திரை வைக்கும் பழக்கம் மானிட்டருக்குச் சரி. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சம் விழாத சுவர் எவ்வளவு இருட்டோ அவ்வளவுதான் அதன் கறுப்பு. பகலில் ஜன்னல் திறந்த அறையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் படிக்க முடிகிறது. சுவரும் பளபளப்பில்லாத வெள்ளையாக இருக்கட்டும், இளம்பச்சை டிஸ்டெம்பர் எல்லா நிறத்தையும் மாற்றிவிடும். உட்காரும் தூரத்துக்கு ஒரு கணக்கு: 100 அங்குலப் படத்தை 8 அடி தள்ளிப் பார்ப்பதும், 24 அங்குல மானிட்டரை 2 அடியில் பார்ப்பதும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று.

விளக்கின் ஆயுளை யாரும் கணக்குப் போடுவதில்லை. வாரம் இரண்டு படம் என்றால் லேம்ப் பல வருஷம் வரும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் என்றால் 2,400 மணி நேரம். சாதாரண லேம்ப் 3,000 முதல் 5,000 மணி நேரம்தான். எல்இடி, லேசர் வகைகளுக்கு 20,000, அதற்கு மேலும் சொல்கிறார்கள். முழுநாள் வேலைக்கு லேம்ப் பெட்டி வேண்டாம். இருப்பதே அதுதான் என்றால் சின்ன யுபிஎஸ் ஒன்று வையுங்கள். கரண்ட் திடீரென்று போனால் பேன் நின்றுவிடும், சூடான லேம்ப் ஆற வழியில்லை. நம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் கரண்ட் நிறுத்துவார்களே, அன்றைக்கு அறிவித்த நேரத்துக்குக் கால் மணி முன்பே ரிமோட்டில் அணைத்து, பேன் தானாக நிற்கும்வரை விடுங்கள்.

மச்சான் வீட்டு ரோட்டில் கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் நாளெல்லாம் போகும். காற்று உள்ளே போகும் பக்கத்து பில்டரைக் கழற்றி வாசலில் தட்டினேன். மாவு சலித்த மாதிரி வெள்ளைப் பொடி கொட்டியது. வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இப்போது மாதம் முதல் ஞாயிறு அதைச் சுத்தம் செய்கிறான்.