நாட்டை ஒரே பக்கத்தில் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் குரூப் 2, எஸ்எஸ்சி என்று படிக்கிற பிள்ளைகளின் நோட்டில் ஒரு பக்கம் தவறாமல் இருக்கும்: ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு) இவ்வளவு, துறைமுகம் இத்தனை, ரயில் பாதை இத்தனை கிலோமீட்டர், ராணுவத்தில் இவ்வளவு பேர். மனப்பாடம் செய்வதில் யாரும் குறை வைப்பதில்லை. அந்த எண் எதை அளந்து வந்தது என்று கேட்காமல் விடுவதில்தான் மதிப்பெண் போகிறது. இத்தனைக்கும் வடசென்னைக்காரர்களுக்கு அதில் பாதி விஷயம் கண்ணெதிரே நிற்கிறது.

மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல் மின் நிலையத்தில் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாவது 1,200, மூன்றாவது 800. கூட்டினால் 2,630. இது நிறுவு திறன், அதாவது எல்லாம் சரியாக ஓடினால் தரக்கூடிய உச்சம். 800 மெகாவாட் இயந்திரம் ஒரு நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் 1.92 கோடி யூனிட் வரும். பாய்லர் குழாயில் கசிவு, நிலக்கரி வரவில்லை, பராமரிப்பு என்று நிறுத்தினால் யூனிட் சரியும். பட்டியலில் 800 மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்த மூன்றாம் நிலையைத் திறந்தது 2024 மார்ச்சில். முழுத் திறனை எட்ட அதற்கப்புறமும் சில மாதம் பிடித்தது.

நாட்டுக்கும் இதே கதைதான். 2025 நடுவில் இந்தியாவின் நிறுவு திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்றவற்றைச் சாராதது ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. உண்மைதான். ஆனால் 2024-25-ல் உற்பத்தியான மின்சாரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரியில் வந்தது. சோலார் ராத்திரியில் ஓடாது, காற்றாலை ஆடியில் சுற்றுகிற மாதிரி மார்கழியில் சுற்றாது. ‘நாட்டின் பாதி மின்சாரம் பசுமை மின்சாரம்’ என்று எழுதினால் தப்பு.

துறைமுகத்தில் தவறுகள் ஜோடியாக வரும். செயல்பாட்டில் இருக்கும் 12 பெருந்துறைமுகங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அது அளவைப் பார்த்துப் போட்டதல்ல, மத்திய அரசின் கீழ் வருபவை. சென்னை அதில் இருக்கிறது, 2001-ல் திறந்த எண்ணூர் காமராஜர் துறைமுகமும் இருக்கிறது. அதற்கு அடுத்தாற்போலவே உள்ள காட்டுப்பள்ளி இல்லை, ஏனென்றால் அது தனியார் துறைமுகம். நாட்டிலேயே அதிகச் சரக்கு கையாளும் குஜராத்தின் முந்த்ராவும் இல்லை, அதுவும் தனியார்தான்! 12 துறைமுகங்களின் டன் கணக்கை மட்டும் கூட்டி இதுதான் இந்தியாவின் கடல் சரக்கு என்றால் 40 விழுக்காட்டுக்கு மேல் விட்டுப்போகும்.

இரண்டாவது, ஒரே துறைமுகத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஜாதகம் கணிப்பது. சென்னைத் துறைமுகம் 2010-11-ல் 6 கோடி டன்னுக்கு மேல் கையாண்டது. 2013-14-ல் சுமார் 5 கோடி டன். வியாபாரம் படுத்துவிட்டது என்று எழுதத் தோன்றும். ராயபுரத்தில் அந்தக் காலத்தில் குடியிருந்தவர்களைக் கேளுங்கள், காரணம் சொல்வார்கள். கொடியில் காயப்போட்ட துணியில் கரித்தூள் படியும். 2011-ல் உயர் நீதிமன்றம் அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்றது. நிலக்கரி எண்ணூருக்கு நகர்ந்தது. இங்கே குறைந்ததில் பெரும்பகுதி இருபது முப்பது கிலோமீட்டர் வடக்கே போய் ஏறிக்கொண்டது. துறைமுக வாசலான ஜீரோ கேட்டுக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டுவதும் எந்தப் பட்டியலிலும் வராது. கப்பல் மேடையின் கொள்ளளவு எழுதியிருப்பார்கள், அதை அடையும் சாலையின் கொள்ளளவை எழுதமாட்டார்கள்.

அறிவித்ததையும் கட்டி முடித்ததையும் ஒரே கட்டத்தில் எழுதுவது அடுத்தது. துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள், 2012-ல் வேலை நின்றது, 2022-ல் மறுபடியும் அடிக்கல். வெளிநாட்டுத் திட்டப் பட்டியல்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

ரயிலில் சின்ன விஷயம். பேசின் பிரிட்ஜ் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் தெரிந்துவிடும். எத்தனை தண்டவாளம் ஓடினாலும் வழித்தடத்தின் நீளம் ஒருமுறைதான் எண்ணப்படும். இந்திய ரயில்வேயின் வழித்தடம் சுமார் 69,000 கிலோமீட்டர். தண்டவாளமாக எண்ணினால் 1.3 லட்சம் போல. ஒரு நாட்டுக்கு இதையும் இன்னொன்றுக்கு அதையும் எடுத்து ஒப்பிடாதீர்கள்.

பொருளாதாரத்தில் முதலில் பூஜ்ஜியம். ஒரு ட்ரில்லியன் என்றால் லட்சம் கோடி, ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. இதில் நன்றாகப் படிக்கிறவர்களே தடுமாறுகிறார்கள். அப்புறம் பிபிபி, அதாவது வாங்கும் திறன் கணக்கு. காசிமேட்டு டீயும் நியூயார்க் டீயும் ஒரே விலை இல்லை என்பதைச் சரிசெய்யும் முறை இது. மக்களின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட நல்லது. இதில் இந்தியா மூன்றாம் இடம். ஆனால் மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு வரும் கச்சா எண்ணெய்க்கு டாலர்தான் கொடுக்க வேண்டும், நம் பிபிபியைப் பார்த்து யாரும் தள்ளுபடி தருவதில்லை. இறக்குமதி, வெளிநாட்டுக் கடன், வெளியில் வாங்கும் ஆயுதம் எல்லாவற்றுக்கும் சாதாரண டாலர் கணக்கே சரி. ஏற்றுமதிப் பட்டியலில் பெட்ரோலியப் பொருள் மேலே இருப்பதைப் பார்த்து நாம் எண்ணெய் வள நாடு என்று நினைப்பவர்களும் உண்டு. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கி, சுத்திகரித்து விற்கிறோம்.

கடன் விழுக்காட்டையும் தனியாகப் படிக்காதீர்கள். ஜப்பானின் அரசுக் கடன் ஜிடிபியைப் போல இரண்டு மடங்குக்கு மேல், பெரும்பாலும் சொந்த நாணயத்தில், சொந்த நாட்டவரிடமே வாங்கியது. விழுக்காட்டில் அதில் பாதி அளவு கடன் வைத்திருந்த இலங்கை 2022 ஏப்ரலில் வெளிக்கடனைத் திருப்பித் தருவதை நிறுத்தியது, கையில் டாலர் இல்லாததால்.

ராணுவத்தில் ஒதுக்கீட்டைப் பிரித்துப் பாருங்கள். 2025-26-ல் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் 1.61 லட்சம் கோடி ஓய்வூதியம். புதுத் தளவாடம் வாங்குவது போன்ற மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி. ஆள் கணக்கில் பிஎஸ்எஃப் (எல்லைப் பாதுகாப்புப் படை), சிஆர்பிஎஃப் (மத்திய ரிசர்வ் போலீஸ் படை) இரண்டும் உள்துறைக்குக் கீழே வருபவை. ஒரு பட்டியல் சேர்க்கும், இன்னொன்று சேர்க்காது. கடலோரக் காவல் படை பாதுகாப்பு அமைச்சகத்தில் இருக்கிறது.

கப்பலையோ விமானத்தையோ தலை எண்ணிக்கையாக வைத்துத் தர வரிசை போடும் பட்டியல்கள் எனக்குப் பிடிப்பதில்லை. நீர்மூழ்கி எண்ணிக்கையில் வட கொரியா முன்வரிசையில் நிற்கும். அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, பழையவை. பழுது பார்க்கும் வசதி அந்தப் பட்டியல்களில் வராது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்துக்குப் பழுது பார்க்க வந்தது. ஒரு நாட்டின் கடல் பலத்தில் அதுவும் சேர்த்திதான். பட்டியல் எந்த ஆண்டினுடையது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் மிக்-21 ரகப் போர் விமானம் ஓய்வு பெற்றபின் நம் போர் விமானப் பிரிவுகள் (ஸ்குவாட்ரன்) 29, அனுமதிக்கப்பட்ட அளவு 42. பழைய பட்டியலில் மிக்-21 இன்னும் பறந்துகொண்டிருக்கும்.