அன்றாடச் சரக்கும் மலைப்பாதையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர் மழைக்காலத்தில், மூடாமல் வைத்த வர்க்கி என்ற மொறுமொறு பலகாரம் ஒரே இரவில் நமத்துப்போகும். அதனால் விற்கிற அளவுக்கே சுடுவது எங்கள் பேக்கரியின் பழைய வழக்கம். இதையே டொயோட்டா கார் நிறுவனத்தில் டாய்ச்சி ஓனோ ஒரு முழு முறையாக வளர்த்தெடுத்தார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த பொருளை மட்டும் திரும்ப அடுக்குவார்கள் அல்லவா, அதுதான் அவருக்கு வழிகாட்டி. அந்த முறையின் ‘ஜஸ்ட் இன் டைம்’ என்ற பெயரை இன்று பலரும் அறிவார்கள்.

பெயரைத் தெரிந்துகொண்டு நான் செய்த பெரிய தவறு, ‘தேவைக்கு மட்டும்’ என்பதை ‘இருப்பே வேண்டாம்’ என்று புரிந்துகொண்டது. மைதாவை அன்றன்றைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றிவரச் சொன்னேன். ஐப்பசி மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தது. வண்டிகள் கோத்தகிரி வழியாகச் சுற்றின. என் மூட்டைகள் வரவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு விறகு அடுப்பு குளிர்ந்து கிடந்தது. டீக்கடைக்காரர் காலித் தகரத்தை வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

டொயோட்டாவுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1997 பிப்ரவரி 1 அன்று, பிரேக் வால்வு செய்துகொடுத்த ஐசின் ஆலையில் தீப்பிடித்தது. கையில் இருந்த வால்வு சில மணி நேரத்துக்கே போதும். ஜப்பானில் அதன் கார் ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே சில நாள் நின்றன. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, காரில் பொருத்தும் மின்னணுச் சிப்புகளைப் பல மாதத் தேவைக்குச் சேர்த்து வைக்கும்படி அந்த நிறுவனமே தனக்குப் பொருள் தருபவர்களைக் கேட்டுக்கொண்டது. முறையைக் கண்டவர்களே எதைச் சேர்த்து வைக்கலாம், எதைக் கூடாது என்று பிரித்துப் பார்க்கிறார்கள். வர்க்கியைச் சேர்க்கக் கூடாது, மைதாவைச் சேர்க்கலாம்.

இன்னொரு தவறு, கடைக்காரர் வாயால் சொல்லும் எண்ணிக்கையை நம்பிச் சுடுவது. நூறு கேட்பார், இருபது திரும்பி வரும். விற்றதை எண்ணுங்கள், கேட்டதை அல்ல.

இருப்பின் சுமையை மொத்த வியாபாரியின் தலையில் தள்ளிவிடுவதும் தவறுதான். நாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு, பாதி காலியான வண்டி பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை ஏறிவந்தால், அந்த வாடகை எப்படியும் நம் மூட்டை விலையில் ஏறிவிடும். நானும் பக்கத்து மளிகைக் கடையும் இப்போது ஒரே வண்டியில் ஏற்றுகிறோம்.

தேயிலைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மழை பெய்தால் செடி தளிர்விடும்; சந்தை கேட்கிறதா என்று அது பார்ப்பதில்லை. பறித்த பச்சை இலையும் காத்திருக்காது, சூடேறிச் சிவந்துவிடும். அங்கே பறிப்பு நாள்களையும் தொழிற்சாலையின் கொள்ளளவையும் ஒத்துப்போக வைப்பதுதான் வேலை.

வருடம் முழுக்க ஒரே அளவு வைப்பது கடைசித் தவறு. சரக்கு சொன்ன நாள், வந்து இறங்கிய நாள் இரண்டையும் நோட்டில் எழுதுகிறேன். மிகத் தாமதமாக வந்த சரக்குக்கு எத்தனை நாள் ஆனதோ, அத்தனை நாள் தேவைக்கானதே என் இருப்பின் அளவு. அடுக்கில் ஒரு மூட்டையின் கழுத்தில் சிவப்பு அட்டை கட்டியிருக்கும். அதைப் பிரிக்கும் கை உடனே அடுத்த சரக்குக்குச் சொல்ல வேண்டும். ஓனோவின் ‘கான்பான்’ அட்டை செய்ததும் இதே வேலைதான். கோடையில் அட்டை கீழிருந்து மூன்றாம் மூட்டையில் இருக்கும். புரட்டாசி முடிவதற்குள் ஆறாம் மூட்டைக்கு மாற்றிக் கட்டுவேன். தை பிறந்த பிறகே இறக்குவேன்.