கேரவன் இழுக்கும் பெரிய எஸ்யூவிக்குப் பின்பக்க ஏர்பேக்: தேர்வில் நேரும் தவறுகள்

பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில் மெல்போர்னிலிருந்தோ சிட்னியிலிருந்தோ வெளியேறும் நெடுஞ்சாலையைக் கவனித்துப் பாருங்கள். லேண்ட்குரூசர், பட்ரோல், பிராடோ என்று பெரிய வண்டிகள், தங்கும் வசதி கொண்ட இழுவை வீடான கேரவனை இழுத்துக்கொண்டு வரிசையாகப் போகும். அவற்றில் சில, பின்புறம் தாழ்ந்து, முகப்பு வானத்தைப் பார்த்தபடி போகும். அந்த வண்டிக்காரரிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார்: "பின்னால் ஏர்பேக் போடுங்கள், சரியாகிவிடும்." இங்கே சொல்வது விபத்தில் விரியும் பாதுகாப்புப் பையை அல்ல. பின்பக்க ஸ்பிரிங்குக்குத் துணையாக நின்று, காற்றழுத்தத்தால் வண்டியைத் தூக்கிக் கொடுக்கும் ரப்பர் அல்லது பாலியூரிதேன் பையை.

இந்தப் பை நல்ல பொருள்தான். ஆனால் அது வண்டியின் உயரத்தைத்தான் மாற்றும், எடையை மாற்றாது. ஒரு கிலோவைக்கூட அது குறைப்பதில்லை, வேறு அச்சுக்கு நகர்த்துவதும் இல்லை. இதை மனத்தில் வைக்காமல் கடைக்குப் போவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

எடை போடாமல் வாங்குவது

ஆஸ்திரேலியாவில் 200 சீரிஸ் லேண்ட்குரூசரின் ஜிவிஎம், அதாவது ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி எட்டலாம் என்று அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, 3,350 கிலோ. வெறும் வண்டியே சுமார் 2,700 கிலோ இருக்கும். பிரேக் உள்ள டிரெய்லராக இருந்தால் 3,500 கிலோ வரை இழுக்கலாம். கேரவனை மாட்ட வண்டியின் பின்னால் நீட்டியிருக்கும் உருண்டையான டவ் பால் மீது 350 கிலோ வரை இறக்கலாம். விளம்பரத்தில் கண்ணில் படுவது அந்த 3,500 மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து 260 கிலோ. முன்னால் புல்பார் எனும் இரும்புத் தடுப்பு, பின்னால் டிராயர் பெட்டி என்று 120 கிலோ. ஃபிரிட்ஜும் பைகளும் 80 கிலோ. வண்டி இப்போதே 3,160 கிலோவைத் தொட்டுவிட்டது. மீதி 190 கிலோதான். சாமான் ஏற்றிய கேரவன் 3,000 கிலோ என்று வைத்துக்கொண்டால், இங்கே வழக்கமாகச் சொல்லும் பத்தில் ஒரு பங்குக் கணக்குப்படி, டவ் பால் மீது 300 கிலோ இறங்கும். அந்த 300 கிலோவும் வண்டியின் எடைக்கணக்கில்தான் சேரும். ஆக 3,460 கிலோ, வரம்புக்கு மேல் 110 கிலோ. கேரவனின் எடை 3,500-க்குள்தான் இருக்கிறது. வண்டியும் கேரவனும் சேர்ந்த எடைக்கு 6,850 கிலோ என்று ஒரு வரம்பு உண்டு. அதற்கும் இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது. ஆனாலும் வண்டி சட்டப்படி அதிக பாரத்தில் ஓடுகிறது.

இந்த வண்டிக்கு ஏர்பேக் போட்டால் பின்புறம் நிமிர்ந்து நிற்கும். கூடுதலான 110 கிலோவோ அப்படியே இருக்கும். அதற்கு முன் தொங்கிக்கொண்டு எச்சரித்த பின்புறம் இப்போது எதையும் காட்டாது என்பதால், ஆபத்து கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. டயர், அச்சு, பேரிங், பிரேக் எல்லாம் அதே பாரத்தைத்தான் சுமக்கின்றன. விபத்து என்று வந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கக்கூடிய கேள்விகளில் எடையும் ஒன்று.

அதனால் ஏர்பேக் விலை விசாரிப்பதற்கு முன் பொது எடைமேடைக்குப் போங்கள். குடும்பம், முழு டாங்க் எரிபொருள், சாமான் எல்லாவற்றோடும் போக வேண்டும். முதலில் வண்டியை மட்டும் நிறுத்தி முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாக எடை எடுங்கள். பிறகு கேரவனை மாட்டி அதே இரண்டையும் மறுபடி எடுங்கள். வண்டியின் இரண்டு அச்சுகளும் சேர்ந்து எவ்வளவு கூடியதோ அதுதான் டவ் பாலில் இறங்கும் உண்மையான எடை. கேரவன் விற்பனைத் தாளில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். அது தண்ணீர்த் தொட்டியும் அலமாரியும் காலியாக இருக்கும்போது எடுத்தது. பின் அச்சுக்கென்று தனி வரம்பும் உண்டு. மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருப்பது கேரவன் இழுப்பவர்களிடம் அடிக்கடி காணும் நிலை.

எடை மீறியிருந்தால் சாமானைக் குறைக்க வேண்டும், அல்லது முறையான சான்றிதழோடு ஜிவிஎம் உயர்த்த வேண்டும். ஏர்பேக் மட்டும் மாட்டினால் ஜிவிஎம் உயராது. ஏற்கெனவே ஜிவிஎம் உயர்த்திய வண்டியாக இருந்தால், அந்தச் சான்றிதழ் குறிப்பிட்ட ஸ்பிரிங்குகளுக்கும் பாகங்களுக்கும்தான் பொருந்தும். அதன்மேல் ஏர்பேக் சேர்க்கலாமா என்று சான்றிதழ் தந்தவரிடமே கேட்டுவிடுங்கள்.

முன் அச்சை மறந்துவிடுவது

என்னைக் கேட்டால் மிக ஆபத்தான தவறு இதுதான். டவ் பால் பின் அச்சுக்கு மேலே இல்லை, அதற்கும் வெகு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. கிணற்றுத் துலாவில் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புகிறதே, அதே கதைதான். 200 சீரிஸின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.85 மீட்டர். டவ் பால் பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 300 கிலோவை அதன்மேல் இறக்கினால் பின் அச்சில் கூடுவது 300 அல்ல, சுமார் 426 கிலோ. கூடுதலாக வந்த 126 கிலோ முன் அச்சிலிருந்து பறிக்கப்பட்டது.

ஸ்டியரிங் இலேசாக ஆவதும், ஈரச் சாலையில் முன் சக்கரம் பிடி தளர்வதும், பிரேக்கில் பெரும்பங்கு வகிக்கும் முன் டயர்கள் தரையை அழுத்தாமல் போவதும் இதனால்தான். எதிரே பெரிய லாரி விரைந்து கடக்கும்போது கேரவன் அசையத் தொடங்கினால், அதை அடக்கும் பலம் அந்த முன் சக்கரங்களில் இருக்க வேண்டும். ஏர்பேக்கில் காற்றடித்தால் முகப்பு கீழே வரும், ஹெட்லைட் வெளிச்சம் சாலைக்குத் திரும்பும். ஆனால் பறிபோன 126 கிலோ முன் அச்சுக்குத் திரும்பி வராது. வண்டி மட்டமாக நிற்கிறது என்பதற்காகப் பாரமும் சமமாகப் பிரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

முன் அச்சுக்குப் பாரத்தைத் திருப்பித் தருவது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் எனப்படும், வண்டியையும் கேரவனையும் இணைத்து எடையைப் பகிரும் அமைப்பு. அதன் கம்பிகள் இழுபட்டு முறுக்கேறும்போது பாரத்தில் ஒரு பங்கு முன் சக்கரங்களுக்கும் இன்னொரு பங்கு கேரவன் சக்கரங்களுக்கும் போகிறது. ஏர்பேக், ஹிட்ச் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம், ஆனால் வரிசை முக்கியம். வண்டிக்குள் ஏற்றிய சாமானால் பின்புறம் எவ்வளவு தாழ்ந்ததோ அந்த அளவுக்கு மட்டும், கேரவனை மாட்டுவதற்கு முன்பே ஏர்பேக்கில் காற்றடியுங்கள். அப்போது முன் சக்கரத்துக்கு மேலுள்ள உடல் வளைவின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கேரவனை மாட்டியதும் அந்த உயரம் கூடும். ஹிட்ச் கம்பிகளை இழுத்து, வண்டியின் கையேடும் ஹிட்ச்சின் கையேடும் சொல்லும் அளவுக்கு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகும் பின்புறம் சற்றுத் தாழ்ந்திருந்தால் இருக்கட்டும். கண்ணுக்கு அழகாக இல்லையே என்று மறுபடியும் காற்றடித்தால், ஹிட்ச் செய்த வேலையைப் பை கெடுத்துவிடும். சில வண்டித் தயாரிப்பாளர்கள் இந்த வகை ஹிட்ச்சையே அனுமதிப்பதில்லை; கரடுமுரடான பாதைகளுக்கென்று செய்த சில இணைப்புகளிலும் இதை மாட்ட முடியாது. வாங்குமுன் வண்டியின் கையேட்டையும் இணைப்பின் கையேட்டையும் பாருங்கள்.

ஸ்பிரிங் மாற்ற வேண்டிய இடத்தில் பை போடுவது

உங்கள் வண்டி வாரநாளில் எப்படி ஓடுகிறது என்பதை வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும். ஐந்து நாளும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் வண்டி, விடுமுறையில் மட்டும் கேரவன் இழுக்கிறது என்றால் ஏர்பேக் மிகப் பொருத்தம். பாரம் ஏறும்போது காற்றடித்து, இறங்கியதும் குறைத்துவிடலாம், பயணமும் மென்மையாக இருக்கும். டிராயர், இரண்டாவது பேட்டரி, பெரிய எரிபொருள் டாங்க் என்று ஆண்டு முழுவதும் பாரத்தோடு நிற்கும் வண்டி வேறு ரகம். அந்த நிலையான பாரத்துக்கு ஏற்ற கனமான காயில் (சுருள்) ஸ்பிரிங்தான் அதற்கு வேண்டும். ஸ்பிரிங்கைச் சரிசெய்த பிறகு, கேரவனால் மேலே ஏறும் பாரத்துக்கு மட்டும் ஏர்பேக்கை வைத்துக்கொள்ளலாம்.

பல ஆண்டு உழைத்துத் தொய்ந்துபோன ஸ்பிரிங்குக்கு முட்டுக்கொடுக்க ஏர்பேக் வாங்குவது வீண். ஷாக் அப்சார்பரும் அப்படியே. பை ஸ்பிரிங்கை இறுக்கமாக்குகிறது. இறுகிய ஸ்பிரிங் எழும்பும் வேகத்தை அடக்குவது ஷாக்கின் வேலை. எண்ணெய் கசியும் பழைய ஷாக்கோடு ஏர்பேக் சேர்ந்தால், மேடு தாண்டியபின் வண்டியும் கேரவனும் மாறி மாறிக் குதிக்கும்.

பொருந்தாத பையை வாங்குவது

பெரிய எஸ்யூவிகளில் பெரும்பாலும் பின்னால் காயில் ஸ்பிரிங்தான். அதற்குள்ளே நுழையும் உருளை வடிவப் பைதான் உங்களுக்கு வேண்டியது. இந்த வகைக்குக் காற்றழுத்தம் குறைந்தது 5 பிஎஸ்ஐ, அதிகபட்சம் 30 முதல் 35 பிஎஸ்ஐ என்ற அளவில்தான் வரம்பு இருக்கும். லீஃப் ஸ்பிரிங், அதாவது தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங், உள்ள யூட் (பின்னால் திறந்த சரக்குத் தட்டு கொண்ட) வண்டிகளுக்கான பை வேறு. அது சேஸிஸுக்கும் அச்சுக்கும் நடுவில் நின்று இதைவிடப் பல மடங்கு அழுத்தம் தாங்கும். யூட் வைத்திருக்கும் நண்பர் சொன்ன பிஎஸ்ஐ எண்ணை உங்கள் காயில் பையில் முயன்று பார்க்கவே கூடாது.

வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தால் அதைக் கடையில் சொல்லியே ஆக வேண்டும். சாதாரண உயரத்துக்கான பை அந்தக் காயிலுக்குள் குட்டையாக இருக்கும். சக்கரம் கீழே தொங்கும்போது இடம் விட்டு நகரும், மேலே வரும்போது காயில் சுற்றுகளுக்கு நடுவே மாட்டி நசுங்கும். உயர்த்திய வண்டிக்கென்றே நீளமான பைகள் கிடைக்கின்றன. ஸ்பிரிங் முழுதும் அமுங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். சில வண்டிகளில் அது காயிலுக்குள்ளேயே இருக்கும்; பை வைக்க அதை வெட்டவோ கழற்றவோ வேண்டியிருந்தால், அதன் வேலையை இனி எது செய்யும் என்பதற்குத் தெளிவான பதில் கிடைக்க வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்தே ஏர் சஸ்பென்ஷனோடு வந்த வண்டிக்கு இந்த யோசனையே வேண்டாம். 150 சீரிஸ் பிராடோவின் ககாடு ரகத்தில் பின்னால் காற்று ஸ்பிரிங்தான். ரேஞ்ச் ரோவரும் அப்படியே. வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் ரகத்தையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

80 சீரிஸ் லேண்ட்குரூசர் போன்ற பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின் அச்சுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை வைத்துப் பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அவற்றில் உண்டு. ஏர்பேக் வண்டியைத் தூக்கிவிட்டால், பாரமே இல்லை என்று எடுத்துக்கொண்டு அந்த வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழுப் பாரத்தில் பிரேக் குறைவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. வால்வைப் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

இரண்டு பைக்கும் ஒரே குழாய்

டி வடிவ இணைப்பு வைத்து இரண்டு பைகளையும் ஒரே வால்வில் சேர்த்துவிட்டால் காற்றடிப்பது சுலபம். வளைவில்தான் அதன் விலை தெரியும். வலப்பக்கம் திரும்பும்போது உடல் இடப்பக்கம் சாய்கிறது. நசுங்கும் இடப் பையிலிருந்து காற்று வலப் பைக்கு ஓடி அந்தப் பக்கத்தைத் தூக்குகிறது. சாய்வு இன்னும் கூடுகிறது. பின்னால் மூன்று டன் கேரவன் இருக்கும்போது இது வேண்டவே வேண்டாம். இரண்டு தனிக் குழாய், இரண்டு தனி வால்வு என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கம் கனமான ஃபிரிட்ஜ் இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் சற்றுக் கூட்டவும் இது உதவும்.

குழாய் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகக் கூடாது. அதன் முனையைக் கூரான கத்தியால் நேராக வெட்ட வேண்டும். கத்தரிக்கோலால் நசுக்கி வெட்டினால் அங்கேதான் கசியும். பொருத்திய அன்றே சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

காற்றடிப்பதில்

இந்தப் பையின் கொள்ளளவு டயரோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது. பெட்ரோல் நிலைய கம்ப்ரஸரை வைத்தால் சில நொடிகளில் வரம்பைத் தாண்டிவிடும். கைப் பம்ப்தான் பாதுகாப்பு. அழுத்தம் பார்க்க கேஜ் வைத்து எடுக்கும்போதே ஓரிரண்டு பிஎஸ்ஐ வெளியேறிவிடும். அதைக் கணக்கில் வைத்து அடியுங்கள்.

கேரவனைக் கழற்றியபின் காற்றை முழுவதும் திறந்துவிடுவது பையைக் கெடுக்கும். காலிப் பை காயிலில் மடங்கி உரசிக் கிழியும், அதனால் 5 பிஎஸ்ஐ எப்போதும் உள்ளே இருக்கட்டும். அதேபோல் முழு அழுத்தத்தோடு மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலை மாதிரியான அலையலையான மண்பாதையில் ஓட்டினால் பின்புறம் விறைத்து, சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். மண்பாதைக்காக டயரில் காற்றைக் குறைக்க நிற்கும்போதே, பாரம் இடம் கொடுக்கும் அளவுக்குப் பையிலும் கொஞ்சம் குறையுங்கள்; தார்ச்சாலைக்குத் திரும்பியதும் இரண்டிலும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாம் பொருத்தி முடித்து, ஹிட்ச்சும் சரிசெய்த பிறகு, நீண்ட பயணத்துக்கு முன் மறுபடியும் எடைமேடைக்குப் போய் முன் அச்சின் எண்ணைப் பாருங்கள். கேரவன் இல்லாமல் எடுத்த எண்ணைவிட அது வெகுவாகக் குறைந்திருந்தால், பம்பைத் தொடாதீர்கள். ஹிட்ச்சையும் கேரவனுக்குள் சாமான் அடுக்கியிருக்கும் விதத்தையும் திருத்திவிட்டு இன்னொரு முறை எடை எடுங்கள்.