விண்டோஸ் 11க்கு மாறும் முன்: மலையகத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஜூன் மாதத்து மழை நாள் ஒன்றில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் லெப்டொப்பை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றிக்கொண்டு ஹட்டனில் நான் வேலை பார்க்கும் கடைக்கு வந்தார். "தம்பி, விண்டோஸ் 11 போட்டதில இருந்து என்னோட பேப்பர் எல்லாம் இங்கிலீஷா மாறிப்போச்சு, கொஞ்சம் பாருங்களேன்" என்றார். திறந்து பார்த்தேன். தரம் 10 வரலாறு, இரண்டாம் தவணை வினாத்தாள். 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நாலு சின்ன ஆங்கில எழுத்துகள், பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. பக்கம் முழுக்க இப்படித்தான்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பென்டிரைவில் இருந்து எழுத்துருவைப் போட்டு, வேர்டை மூடித் திறந்ததும் கேள்விகள் எல்லாம் தமிழில் வந்துவிட்டன. டீச்சருக்கு மூச்சு வந்தது. அடுத்து அவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை: "டெஸ்க்டொப்பில இருந்த மத்த போல்டர் எங்க தம்பி?"

விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர், "டி டிரைவ்ல இருக்கிறது போகாது, சி மட்டும்தான் அழியும், சரியா?" என்று கேட்டிருக்கிறார். டீச்சரும் சரி என்றிருக்கிறார். டெஸ்க்டொப்பும் டொகியூமன்ட்ஸும் டவுன்லோட்ஸும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு வருட வினாத்தாள்கள் அந்த போல்டரில் இருந்தன. பழைய ஹார்ட்டிஸ்க்காக இருந்தால் மீட்கும் சொப்ட்வெயாரைப் போட்டுக் கொஞ்சமாவது எடுக்கலாம். அந்த லெப்டொப்பில் இருந்தது எஸ்எஸ்டி. ஒன்றை அழித்தால், அந்த இடத்தை எஸ்எஸ்டி தானாகவே துடைத்துவிடும். எதுவும் கிடைக்கவில்லை.

நான் பார்க்கும் தவறுகளில் பெரியது இதுதான்: அப்கிரேட் செய்வதையும் போர்மட் செய்து போடுவதையும் ஒன்றென்று நினைப்பது. விண்டோஸ் 10 இருக்கும்போதே அதன் மேலேயே 11க்குப் போனால் பைல்கள், எழுத்துருக்கள், சொப்ட்வெயார் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போட்டால் பாமினியும் போகும், தமிழில் டைப் செய்ய என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ வைத்திருந்தால் அதுவும் போகும். கடைக்குக் கொடுக்கும்போது "மேலேயே அப்கிரேட் செய்யுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த வழியில் போனாலும் முக்கியமானதை முதலில் வெளியே கொப்பி எடுங்கள். எடுத்ததை வேறொரு கொம்பியூட்டரில் போட்டு நாலைந்து பைலைத் திறந்தும் பாருங்கள். பிறகு அந்த பென்டிரைவைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். செருகியே விட்டால் விண்டோஸ் போடும் திரையில் அதுவும் ஒரு டிஸ்க்காக வரிசையில் நிற்கும். தவறி அதை அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் இத்தனை பேர் இப்போது அவசரப்படுகிறார்கள்? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இதைக் கேள்விப்பட்டவர்கள் கொம்பியூட்டரே நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி நிற்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வராது. நாள் போகப்போக ஆபத்து கூடும், உண்மைதான். அதற்காக ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் தரும் திட்டம் ஒன்றை மைக்ரோசொப்ட் வைத்திருக்கிறது. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசொப்ட் கணக்கும் வேண்டும். விண்டோஸ் பேக்கப்பில் செட்டிங்ஸை ஒத்திசைத்தால் காசும் கட்டத் தேவையில்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில்தான் அதற்கான பதிவு இருக்கிறது. தவணைப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் ஓர் ஆசிரியருக்கு இந்த அவகாசம் பெரிய விஷயம்.

அடுத்தது, கொம்பியூட்டருக்கு 11 பொருந்துமா என்று பார்க்காமலே தொடங்குவது, அல்லது பார்க்காமலே வாங்குவது. 4 ஜிபி ரெம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பகமான விண்டோஸை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதி, மைக்ரோசொப்டின் பட்டியலில் உள்ள புரொசெசர், இவ்வளவும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையில் இருந்துதான். ஐ5-4570 என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 4தான் தலைமுறை. ஐ5-8400 என்றால் 8. கொழும்பில் ஏதோ ஒபிசில் கழித்துவிட்ட டெஸ்க்டொப்கள் இங்கே நல்ல விலைக்கு வருகின்றன, அவற்றில் நிறைய 3ஆம், 4ஆம் தலைமுறைதான். "விண்டோஸ் 11 போட்டிருக்கு" என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்காது. சோதனையைத் தாண்டிப் போட ரூபஸ் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஆனால் அப்படிப் போட்ட கொம்பியூட்டருக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தரவில்லை. மகன் ஏ.எல். படிக்கிறான் என்று சீட்டுக் காசைச் சேர்த்து வாங்க வரும் பெற்றோருக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன். மைக்ரோசொப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறிய சொப்ட்வெயாரைக் கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

பொருந்தாது என்று வந்தாலும் உடனே மனம் விடாதீர்கள். டிபிஎம் இருந்தும் பயோஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே போர்டில் ஓடும் அடிப்படை செட்டிங்ஸில், அணைந்து கிடக்கலாம். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதைப் போட்டாலே பல லெப்டொப்கள் தேறிவிடுகின்றன. ஆனால் அதோடு நிற்காமல், கொம்பியூட்டர் தொடங்கும் முறை லெகசி (பழையது) என்று இருப்பதை யூஈஎப்ஐ (புதியது) ஆக்கிவிட்டு, "இப்போ விண்டோஸே வரமாட்டேங்குது" என்று வருகிறார்கள். டிஸ்க்கைப் பிரித்து வைத்திருப்பது பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் அதை முதலில் புதிய ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் பயோஸில் மாற்றம். விண்டோஸிலேயே அதற்கான கருவி இருக்கிறது. பழக்கம் இல்லாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள்.

கணக்கு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போடும்போது இன்டர்நெட்டும் மைக்ரோசொப்ட் கணக்கும் கேட்கும். கடையில் கூட்டம், வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் இல்லை, இருந்தாலும் பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லை. உடனே வேலை செய்யும் பையன் ஏதோ ஒரு பெயரில் கணக்கைத் திறந்து முடித்துக் கொடுத்துவிடுவான். ஒரு வருடம் எல்லாம் நன்றாகவே ஓடும். ஒருநாள் பயோஸ் மாறும், அல்லது போர்டைப் பழுதுபார்ப்பார்கள். நீலத் திரை வந்து 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும். அதுதான் பிட்லொக்கர். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இருந்து, புதிதாகப் போட்டு மைக்ரோசொப்ட் கணக்கில் நுழையும் கொம்பியூட்டர்களில் டிஸ்க்கைப் பூட்டும் வசதி பெரும்பாலும் தானாகவே இயங்கிவிடுகிறது. திறவுகோல் அந்தக் கணக்கில்தான் இருக்கும். கணக்கு யாருடையது என்றே தெரியாவிட்டால், உள்ளே இருக்கும் கல்யாணப் படமும் தொழிலுக்கு அனுப்ப வைத்த சான்றிதழ்களும் உள்ளேயே கிடக்கும். எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது, மைக்ரோசொப்டின் உதவிப் பிரிவும் திறந்து தராது. ஆகவே கணக்கை உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரோடு, உங்கள் கண் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள். திறவுகோலை ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் பைலில் வையுங்கள்.

இனி நம்ம ஊர்ப் பிரச்சினைகள். விண்டோஸ் 11 பதிவிறக்கம் 5 ஜிபியைத் தாண்டும். போன் ஹொட்ஸ்பொட்டில் போட்டுவிட்டுத் தூங்கினால் மாத டேட்டா விடியுமுன் முடிந்திருக்கும். வைபை செட்டிங்ஸில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' ஆக்கிவிட்டால் பெரிய அப்டேட்கள் கேட்காமல் இறங்காது. பதிவிறக்கத்தை இரவு டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டவுனில் நல்ல இணைப்புள்ள ஒருவரிடம் 8 ஜிபி பென்டிரைவைக் கொடுத்து, மைக்ரோசொப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பேஸ்புக் விளம்பரத்திலோ வாட்ஸ்அப்பிலோ வரும் லிங்க்கில் எடுக்க வேண்டாம். 2022 தொடக்கத்தில் மைக்ரோசொப்ட் பக்கம் போலவே ஒரு போலித் தளம் இருந்தது. விண்டோஸ் 11 என்று அதில் கொடுத்தது பாஸ்வேர்ட் திருடும் ரெட்லைன் என்ற சொப்ட்வெயார். விண்டோஸ் 10 முறையாக அக்டிவேட் ஆகியிருந்தால் 11க்குக் காசும் கேட்காது, திருட்டுத்தனமாக அக்டிவேட் செய்யும் கிரெக்கும் தேவையில்லை.

லயத்தில் சிக்னல் இல்லாத வீடென்றால் புதிதாகப் போட்ட விண்டோஸ் இன்டர்நெட் கேட்கும் இடத்திலேயே நின்றுவிடும். வைபையை இயக்கும் டிரைவரும் அப்போது இல்லாமல் போகலாம். போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் (போன் டேட்டாவைக் கொம்பியூட்டருக்குக் கொடுப்பது) போட்டால் பெரும்பாலும் வேலை செய்யும். சிக்னல் கிடைக்கும் இடத்தில், கோயிலடியிலோ ஸ்டோர் முன்னாலோ, அந்தக் கட்டத்தை மட்டும் முடித்துக்கொண்டு வரலாம்.

கரண்ட். தென்மேல் மழை தொடங்கிவிட்டால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு மரக்கிளை விழுந்தாலும் லைன் போய்விடும். நடுவில் கரண்ட் போனால் விண்டோஸ் பல தடவை பழைய நிலைக்கே திரும்பிவிடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் அல்ல. லெப்டொப்பை முழுக்க சார்ஜ் ஏற்றி, வயரையும் செருகி வைத்துச் செய்யுங்கள். டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் இல்லையென்றால் மழை விட்ட நாளின் காலையில் தொடங்குங்கள். பயோஸ் அப்டேட்டை மட்டும் யூபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். அதன் நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம்.

பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பு கிடையாது. 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள பிரிண்டர் இதில் ஓடாது.

அப்கிரேட் முடிந்ததும் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒரு பெரிய போல்டர் இருக்கும். இடம் பிடிக்கிறது என்று அதை உடனே அழித்துவிடுகிறார்கள். பிடிக்காவிட்டால் விண்டோஸ் 10க்குத் திரும்பிப் போவதற்கான வழியே அந்த போல்டர்தான், அதற்கும் பத்து நாள்தான் அவகாசம். அந்தப் பத்து நாளுக்குள், முடிந்தால் முதல் நாளே, பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்து, பாமினி சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து, ஒரு பக்கம் பிரிண்டும் எடுத்துப் பாருங்கள்.