பணம் எந்தப் பக்கம் நடக்கிறது?

போன வருடம் ஒரு நாள் காலையில் என் சிறுகதைத் தொகுப்பைப் பாராட்டி ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அரைப்பக்கம் முழுக்கப் புகழ்ச்சி. நிலத்தையும் நினைவையும் நான் ஒரே நூலில் கோத்துவிட்டேனாம். என் மௌனங்கள்கூடப் பேசுகின்றனவாம். புத்தகம் வெளியாகி ஆறு வருடமாகிறது. இதுவரை மூன்று வாசகர் கடிதங்கள் வந்திருக்கின்றன, அதில் ஒன்று என் சித்தப்பா எழுதியது. ஆகவே அந்த மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். நான்காம் முறை படித்தபோதுதான் ஒன்று உறுத்தியது: கடிதம் முழுக்க 'உங்கள் நாவல்' என்றே இருந்தது.

பிறகு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அமேசான் பக்கத்தில் ஆங்கிலத்தில் பத்து வரி அறிமுகம் போட்டிருக்கிறேன். கடிதத்தின் புகழ்ச்சி முழுவதும் அந்தப் பத்து வரியிலிருந்து எடுத்தது. அட்டையைத் திறந்தால் உள்ளே இருக்கும் எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

எழுதுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: பாராட்டு வந்தால், படித்துவிட்டுத்தான் பாராட்டுகிறார்கள் என்று நம்பிவிடுகிறோம். முன்பெல்லாம் மோசடிக் கடிதத்தை அதன் மொழியே காட்டிக்கொடுத்துவிடும். 'அன்புள்ள ஐயா அல்லது அம்மையீர்' என்று தொடங்கும், பெயரைத் தப்பாக எழுதும், வரிக்கு வரி பிழை இருக்கும். இன்று செயற்கை நுண்ணறிவிடம் ஒரு பின்னட்டை வாசகத்தைக் கொடுத்தால், உருகி உருகி ஆயிரம் கடிதங்கள் எழுதித் தந்துவிடும், பிழையில்லாமல். 2025-இல் இத்தகைய கடிதங்கள் உலகம் முழுவதும் எழுத்தாளர்களின் மின்னஞ்சல் பெட்டிகளில் வந்து குவிந்தன. இலக்கணப் பிழையைத் தேடுங்கள் என்ற பழைய அறிவுரையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம்.

நான் இரண்டாவது தவறையும் செய்தேன். பதில் போட்டேன். 'உங்களுக்கு எந்தக் கதை பிடித்தது?' என்று கேட்டேன். கெட்டிக்காரத்தனமாகக் கேட்டதாக நினைப்பு. உண்மையில், இந்த முகவரிக்குப் பின்னால் ஆள் இருக்கிறார், ஆவலாகவும் இருக்கிறார் என்று நானே தெரிவித்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் மூன்று பத்தி பதில் வந்தது. கதையின் பெயர் எதுவும் இல்லை. அவர்கள் நடத்தும் வாசகர் வட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்களாம், அடுத்த மாதப் புத்தகமாக என்னுடையதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம், 'பங்கேற்புக் கட்டணம்' மட்டும் நான் செலுத்த வேண்டுமாம்.

கரும்பு தின்னக் கூலியா என்று நாம் கேட்போம். இவர்கள் கூலி கேட்கிறார்கள், அதுவும் கரும்பை விளைவித்தவனிடமே. வாசகர் வட்டம் என்றால் உறுப்பினர்கள் புத்தகத்தை விலைக்கு வாங்கியோ நூலகத்தில் எடுத்தோ படித்துவிட்டு வந்து பேசுவார்கள். எழுத்தாளரைப் பேச அழைத்தால் போக்குவரத்துச் செலவு கொடுப்பார்கள். கையில் காசில்லாத வட்டமென்றால் ஒரு சால்வையும் தேநீரும். எழுத்தாளரிடம் கட்டணம் வாங்கும் வட்டம் எங்கும் கிடையாது.

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜேம்ஸ் மெக்டொனால்ட் இதற்கு ஓர் எளிய விதி வகுத்தார்: பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும். அங்கே 1998-இல் தொடங்கிய 'ரைட்டர் பிவேர்' என்னும் அமைப்பு இத்தகைய மோசடிகளை இன்றுவரை ஒவ்வொன்றாக அம்பலப்படுத்தி வருகிறது. புதிதாக ஒரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தால் அதன் பெயரோடு இந்த அமைப்பின் பெயரையும் சேர்த்துக் கூகுளில் தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

ஆனால் இந்த விதியைத் தமிழ்ச் சூழலில் அப்படியே வைத்துப் பார்த்தால் சிக்கல் வரும். கவிதைத் தொகுப்பு போட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். சொந்தப் பணம் கொடுத்து முந்நூறு பிரதி அச்சடிப்பது நம் ஊரில் சாதாரணம், அதில் வெட்கமோ மோசடியோ இல்லை. அச்சகத்துக்கும், மெய்ப்புத் திருத்துகிறவருக்கும், அட்டை வடிவமைப்பாளருக்கும் கூலி கொடுக்கத்தான் வேண்டும். அங்கே நாம் வாடிக்கையாளர், அது இரு தரப்புக்கும் தெரியும். மோசடியில் இது தலைகீழாக இருக்கும். 'உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்' என்று சொல்லிவிட்டு அப்புறம் பணம் கேட்பார்கள். தேர்ந்தெடுத்தவரே கட்டணமும் கேட்டால் அங்கே நின்றுவிட வேண்டும்.

சும்மா கிடைப்பதை விற்பது அவர்களின் இன்னொரு பிழைப்பு. ஐ.எஸ்.பி.என். என்னும் புத்தக அடையாள எண்ணைப் பெற்றுத் தருகிறோம் என்று சில ஆயிரம் கேட்பார்கள். இந்தியாவில் அந்த எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. இணையத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். அமேசானின் கிண்டில் மின்னூல் தளத்தில் புத்தகத்தைப் பதிவேற்றவும் காசு கிடையாது. பதிப்புரிமையைப் பதிவு செய்யாவிட்டால் புத்தகம் பறிபோய்விடும் என்று பயமுறுத்துவார்கள். எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. நோபல் பரிசுக்கு உங்கள் பெயரைப் பரிந்துரைக்கிறோம் என்றுகூட ஒரு கடிதம் பார்த்தேன், கட்டணத்தோடு. தன் பெயரைத் தானே முன்மொழிய அங்கே இடமில்லை என்பது கிடக்கட்டும். அந்தக் கடிதம் ஒரு சமையல் குறிப்பு நூலாசிரியருக்கு வந்திருந்தது.

இவையெல்லாம் சின்ன மீன் பிடிக்கும் வலைகள். பெரிய வலைக்குத் திரைப்பட உரிமை என்று பெயர். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஒரு வழக்கு வெளிச்சத்துக்கு வந்தது. உங்கள் புத்தகத்தைப் பெரிய பதிப்பகமும் திரைப்பட நிறுவனமும் கேட்கின்றன என்று எழுத்தாளர்களிடம் ஆசை காட்டி, முதலில் இதற்குக் கட்டணம், பிறகு அதற்குக் கட்டணம் என்று கறந்ததாகக் குற்றச்சாட்டு. எண்ணூறுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் ஏமாந்தார்கள், போன தொகை 4.4 கோடி டாலர் என்கிறது அரசுத் தரப்பு. தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன். ஐம்பதாயிரம் டாலருக்கும் மேல் வருகிறது.

ஒரே தவணையில் யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். முதலில் திரைக்கதைச் சுருக்கம் எழுத ஒரு தொகை கேட்பார்கள், அடுத்து வழக்கறிஞருக்கு, அதற்கடுத்து ஒப்பந்தத்துக்கான வரி. ஏற்கெனவே இவ்வளவு கொடுத்தாயிற்று, நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று எழுத்தாளரும் அனுப்பிக்கொண்டே இருப்பார். உண்மையான தயாரிப்பாளர் உரிமையை நம்மிடமிருந்து வாங்குகிறவர். திரைக்கதை எழுதும் செலவு அவருடையது. வரியும் அப்படித்தான். தர வேண்டிய தொகையில் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். வரியை முன்கூட்டி அனுப்பு, அப்போதுதான் முன்பணம் என்று சொல்கிறவர் எந்தப் பதிப்பகத்திலும் வேலை பார்ப்பவராக இருக்க முடியாது.

அனுப்புநர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு முகவரியைப் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. கைபேசியில் பெயர்தான் பெரிதாகத் தெரியும். அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். பெயரின்மேல் விரலை வைத்தால் முழு முகவரி வரும். அதில் அட் (@) குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். நாம் போடும் பதில் வேறொரு முகவரிக்குப் போகும்படியும் அமைத்திருப்பார்கள், அதையும் கவனிக்க வேண்டும்.

எழுத்தெழுத்தாக என்று சொல்லக் காரணம் பிலிப்போ பெர்னார்டினி. லண்டனில் ஒரு பெரிய பதிப்பகத்தின் உரிமைப் பிரிவில் வேலை பார்த்த இத்தாலிய இளைஞர். பதிப்பாசிரியர்கள், இலக்கிய முகவர்கள் பெயரில் நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட போலி இணைய முகவரிகளைப் பதிவு செய்து, வெளிவராத ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளை வாங்கிச் சேர்த்தார். கனடாவின் புகழ்பெற்ற நாவலாசிரியர் மார்கரெட் அட்வுட் தரப்புக்குக்கூட வலை விரித்திருக்கிறார். உத்தி மிகச் சின்னது. ஆங்கில 'எம்' வர வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்று இரண்டு சின்ன எழுத்துகளை ஒட்டிப் போட்டார். நம் 'ஔ'வையும், 'ஒ'வுக்குப் பக்கத்தில் 'ள' போட்டதையும் நினைத்துப் பாருங்கள். ஔவையார் பெயரை எத்தனை இடத்தில் அப்படித் தட்டச்சு செய்திருக்கிறார்கள், எத்தனை முறை நாம் கவனிக்காமல் கடந்திருக்கிறோம்! 2022 ஜனவரியில் நியூயார்க் விமான நிலையத்தில் பெர்னார்டினியைக் கைது செய்தார்கள். 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கூடுதல் சிறையில்லை, 88,000 டாலர் இழப்பீடு. திருடிய எதையும் அவர் வெளியிடவில்லை. மற்றவர்களுக்கு முன்னால் படித்துவிட வேண்டும் என்ற ஆசைதான் என்று நீதிமன்றத்துக்கு எழுதினார். அப்படி ஒரு வாசகர் நமக்கு வாய்க்கவில்லையே என்று ஒரு நண்பர் பெருமூச்சு விட்டார்.

ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் போலி என்று சிலர் சொல்வார்கள். வெளிநாட்டுப் பெரிய பதிப்பகம் என்று சொல்லிக்கொண்டு ஜிமெயிலில் வந்தால் போலிதான். ஆனால் நம் சிறு பதிப்பாளர்கள் பலரும் ஜிமெயிலில்தான் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள். எனவே எந்தக் கடிதமானாலும் நான் பின்பற்றுவது ஒரே வழி: வந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாமல், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கு நானே போய், அங்கே உள்ள முகவரிக்குப் புதிதாக எழுதிக் கேட்பேன். 'உங்கள் கிண்டில் கணக்கு முடக்கப்படும்' என்று வந்தாலும் அப்படியே. கணக்குக்குள் நானாக நுழைந்து பார்ப்பேன்.

வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் வந்து உரிமை பேசும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி 2023-இல் தொடங்கிய பிறகு, மொழிபெயர்ப்பு உரிமை குறித்த கடிதம் தமிழ் எழுத்தாளருக்கு வருவது நம்ப முடியாத விஷயமல்ல. அதனால்தான் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. உண்மையான கடிதமே வந்தாலும், மகிழ்ச்சியில் முழுப் பிரதியை உடனே அனுப்பிவிட வேண்டாம். ஒப்பந்தத்தில் எந்த மொழி, எந்த நாடு, எத்தனை வருடம் என்று பாருங்கள். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான் செல்லும் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. 'எக்காலத்துக்கும் எல்லா வடிவத்துக்கும்' என்று எழுதியிருந்தால் அந்தத் துணை நமக்கு இல்லை.

பணம் போய்விட்டால்? முதலில் வங்கிக்கும், 1930 என்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும். இணையவழிக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால் பணம் கை மாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் எழுதுகிறவர்கள் சொல்வதில்லை. ஊருக்கே புத்தி சொல்கிறவன் ஏமாந்தான் என்று சிரிப்பார்களே என்ற கூச்சம்.

என் நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அப்படித்தான் இருந்தார். கவிதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவருவதாகச் சொன்னவர்களிடம் இருபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய் கொடுத்தார். இரண்டு மாதம் வீட்டில்கூடச் சொல்லவில்லை. கடைசியில் என்னிடம் மட்டும் சொன்னார். அடுத்த வாரமே அவருக்கு இன்னொரு மின்னஞ்சல் வந்தது: எழுத்தாளர்கள் இழந்த பணத்தை மீட்டுத் தரும் சட்ட நிறுவனமாம், முன்கட்டணம் மூவாயிரம் அனுப்பினால் போதுமாம். இது உண்மையாக இருக்குமோ என்று எனக்குக் காட்டினார். கடிதம் மிக மரியாதையாக இருந்தது. அவர் இழந்த தொகையை, அந்த நானூறு ரூபாய் உட்பட, சரியாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

"இது அவர்களுக்கு எப்படித் தெரியும் ஐயா?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.